பாதையில்லாத நிலத்தில் பயிற்சியே பாதை



“வாப்பா, நண்பர்கள் நால்வர் மோட்டார் சைக்கிளில் லடாக் செல்கின்றனர், நானும் செல்லட்டுமா?” என்று மகன் கேட்கிறான். வாப்பா தலை நிமிராமலேயே “வேண்டாம்” என்கிறார். உம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, “அங்கெல்லாம் ரோடே கிடையாதாமே!” என்று பதறுகிறார். மகன் முகம் சுளித்து வெளியேறுகிறான். இன்று எத்தனையோ இல்லங்களில் இத்தகைய உரையாடல் நடைபெற்றுக் கொண்டுதான் இருக்கிறது.

கடைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்திற்கும் போய்வரும் ஊர்தியாகவே மோட்டார் சைக்கிளை நம் இல்லங்கள் நெடுங்காலம் அறிந்திருந்தன. கரடுமுரடான நிலத்தில் ஓட்டுவதற்கென்றே அமைந்த வண்டிகள் நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. இன்று நிலைமை மாறிவிட்டது. 2011-இல் ஹீரோ நிறுவனத்தின் இம்பல்ஸ் வந்தது. 2016-இல் நம் சென்னையிலேயே உருவாகும் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் வந்தது. 2019-இல் எக்ஸ்பல்ஸ் வந்தது. இன்று முன்பணம் கட்டினால் மாலைக்குள் வண்டி வாசலில் நிற்கும். ஆனால் அதனைக் கல்லிலும் மணலிலும் சேற்றிலும் செலுத்தும் திறமையைத் தவணை முறையில் வாங்க இயலுமா? அதை விற்கும் கடை எங்கேனும் உண்டா?

எனவே, “அனுப்பலாமா, கூடாதா?” என்னும் கேள்விக்கு முன்னதாக நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “இவன் கற்றிருக்கிறானா? யாரிடம் கற்றான்? எவ்வரிசையில் கற்றான்?” என்பதே அது. இம்மாதம் அதுபற்றிச் சற்றே விரிவாகச் சிந்திப்போம்.

சாலை வேறு, நிலம் வேறு

தார்ச் சாலை என்பது பிறர் நமக்காகச் சிந்தித்து அமைத்துத் தந்த பாதையாகும். எங்கே வளைய வேண்டும், எவ்வளவு சரிவு இருக்கலாம், மழைநீர் எப்பக்கம் வடிய வேண்டும் என்பனவற்றைப் பொறியாளர் முன்னரே கணக்கிட்டு வைத்துவிட்டார். டயருக்குக் கிடைக்கும் பிடிப்பும் பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும். சாலையை விட்டு இறங்கிய மறுகணமே இவ்வசதிகள் யாவும் நின்றுவிடுகின்றன. பத்து அடி கெட்டித் தரை. அடுத்த பத்து அடி சரளைக் கல். அதற்கப்பால் புழுதி மூடிய பள்ளம். சாலையில் பொறியாளர் செய்த வேலையை இங்கே ஓட்டுபவனே ஒவ்வொரு நொடியும் செய்தாக வேண்டும்.

சாலையில் பத்தாண்டு ஓட்டியவன் இங்கே தடுமாறி விழுவதற்குக் காரணம் அச்சமன்று. அவனுடைய பழக்கமே காரணம். சக்கரம் சற்று வழுக்கினால் அவன் என்ன செய்கிறான்? கையருகே இருக்கும் முன் பிரேக்கை இறுகப் பிடிக்கிறான். ஆக்ஸிலேட்டரைத் திடீரென விடுகிறான். காலைக் கீழே நீட்டித் தரையைத் தொடப் பார்க்கிறான். கண்களை முன் சக்கரத்தின் அருகிலேயே பதித்துவிடுகிறான். தளர்ந்த மண்ணில் இந்நான்குமே அவனை வீழ்த்துவன. இறுகப் பிடித்த முன் சக்கரம் உருளாமல் சறுக்குகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் பாரம் முழுதும் முன்னோக்கிச் சாய்ந்து, முன் சக்கரம் மண்ணில் புதைகிறது. நீட்டிய கால் கல்லிடுக்கில் சிக்கி முறிகிறது. எந்தக் கல்லைப் பார்த்து அஞ்சினானோ, அந்தக் கல்லின் மீதே வண்டி ஏறுகிறது. ஏனெனில் கண் எங்கே செல்கின்றதோ அங்கேயே கையும் வண்டியும் செல்லும்.

இந்நான்கு பழக்கங்களையும் மாற்றுவதே பயிற்சியின் பெரும்பகுதி. ஆபத்து நேரும் கணத்தில் மனிதன் சிந்தித்துச் செயல்படுவதில்லை, பழகியதையே செய்கிறான். ஆகவே அறிவுரை கேட்பதாலோ, பிறர் ஓட்டுவதைத் திரையில் பார்ப்பதாலோ இம்மாற்றம் வந்துவிடாது. ஆசிரியர் ஒருவர் அருகில் நின்று, பிழையை அந்தக் கணத்திலேயே சுட்டிக்காட்டி, நூறு முறை செய்யச் சொல்லித் திருத்தினால்தான் வரும்.

முதல் நாள்: விழுந்ததைத் தூக்குதல்

நல்ல ஆசிரியர் முதல் நாளில் வேகத்தைக் கற்பிப்பதில்லை. வண்டியைத் தரையில் சாய்த்துப் போட்டு, “இதைத் தூக்கு” என்கிறார். இவ்வகை வண்டிகளில் சில 160 கிலோவை ஒட்டியும், சில 200 கிலோவை ஒட்டியும் எடையுள்ளவை. குனிந்து நின்று கைகளால் இழுப்பவனுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். முறை வேறு. முதலில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். வண்டி உருளாதிருக்கக் கியரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலப்புறம் சாய்ந்து கிடந்தால், தூக்கியதும் மறுபுறம் விழாதிருக்கப் பக்கவாட்டு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்துவிட வேண்டும். பின்னர் இருக்கைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த நிலையில், ஒரு கையால் ஹாண்டில்பாரையும் மறு கையால் பின்புறக் கம்பியையும் பற்றி, கால்களின் வலிமையால் சிறுசிறு அடிகளாகப் பின்னோக்கி நடந்தால் வண்டி எழுந்துவிடும். மெலிந்த உடலினரும், பெண்களும்கூட இம்முறையில் தூக்கிவிடுகின்றனர்.

இதனை முதற்பாடமாக வைப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இக்கலையில் விழாதவர் எவருமில்லை. விழுந்தால் என்ன செய்வது என்று அறிந்தவனின் தோள்கள் தளர்ந்திருக்கும். உடல் இறுக்கமின்றி இருக்கும். விழவே கூடாது என்று நடுங்குகிறவன் உடலை மரக்கட்டையாக்கி, அதனாலேயே விழுகிறான்.

அதற்கும் முன்னதாகக் கவனிக்க வேண்டியது உடற்காப்பு. தலைக்கு முத்திரை பெற்ற ஹெல்மெட், கண்ணுக்குப் புழுதி புகாத கண்ணாடி, மார்புக்கும் முதுகுக்கும் கவசம், முழங்கைக்கும் முழங்காலுக்கும் காப்பு, கைகளுக்கு உறை, கணுக்காலை முழுதும் மூடிய உறுதியான பூட்ஸ். இவற்றுள் பலரும் கடைசியாக வாங்குவது பூட்ஸ். இத்துறையிலோ வண்டிக்கும் பாறைக்கும் இடையே பெரும்பாலும் நசுங்குவது பாதமும் கணுக்காலும்தான். சாதாரணச் செருப்புடன் வந்து நிற்பவனை வண்டியில் ஏற்றாமல் திருப்பியனுப்பும் ஆசிரியரே நல்ல ஆசிரியர்.

நிற்கவும், மெதுவாகச் செல்லவும்

அடுத்த பாடம் கால்மிதிகளின் மீது எழுந்து நிற்பது. வீரம் காட்டுவதற்காக நிற்கின்றனர் என்று காண்போர் எண்ணுவர். உண்மை அதுவன்று. உட்கார்ந்திருக்கையில் ஒவ்வொரு குழியின் அடியும் முதுகெலும்பைத் தாக்குகிறது. நிற்கும்போது முழங்கால்கள் அந்த அடியை வாங்கிக்கொள்கின்றன. உடலின் பாரம் இருக்கையை விட்டுத் தாழ்வான கால்மிதிகள் வழியே இறங்குகிறது. வண்டி கீழே இப்படியும் அப்படியும் ஆடினாலும் ஓட்டுபவனின் உடல் அதனுடன் சேர்ந்து ஆடுவதில்லை. முழங்கால்கள் சற்றே மடிந்து பெட்ரோல் டாங்க்கை மெல்ல அணைத்திருக்க வேண்டும். முழங்கைகள் சற்று உயர்ந்து விரிந்திருக்க வேண்டும். ஹாண்டில்பாரைப் பறவைக் குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும். பார்வை நெடுந்தொலைவில் இருக்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறது. சக்கரத்தின் அருகே பார்ப்பவன் கண்டதற்கு என்ன பரிகாரம் செய்ய இயலும்? கண்டபோதே அதைக் கடந்துவிட்டானே!

இதன் பின்னர் வருவது எல்லாவற்றினும் கடினமான பாடம்: மெதுவாகச் செல்லுதல். திடலில் இரு கற்களை நட்டு அவற்றைச் சுற்றி எட்டு வடிவில் ஓட்டச் சொல்வர். கிளட்சை முழுதும் பிடிக்காமலும் முழுதும் விடாமலும், இயந்திரத்தின் வலிமை சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் அந்த இடைநிலையில் ஒன்றிரண்டு விரல்களால் வைத்திருக்கக் கற்பிப்பர். குறுகிய வளைவில் வண்டியை உட்புறம் சாய்த்து, உடலை வெளிப்புறக் கால்மிதியின் மீது நிறுத்தச் சொல்வர். யார் கடைசியில் வருகிறாரோ அவரே வென்றவர் என்னும் விந்தையான பந்தயமும் நடத்துவர். கால் ஊன்றியவர் தோற்றவர்.

“இது சிறுபிள்ளை விளையாட்டு அல்லவா!” என்று இளைஞர் சலித்துக்கொள்வதுண்டு. எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கத் தெரியாத மாணவன் முழுப் பக்கத்தையும் விரைந்து ஒப்பிக்கும்போது, அவன் பிழைகள் அந்த விரைவில் மறைந்துவிடுகின்றன. நிறுத்தி நிறுத்திப் படிக்கச் சொன்னால்தான் அவை வெளிப்படும். வண்டியும் அப்படியே. வேகமாகச் சுழலும் சக்கரங்கள் ஓட்டுபவனின் குறைகளைத் தாமே தாங்கிக்கொள்கின்றன. வேகம் குறைந்ததும் அவன் உண்மையான திறமை எவ்வளவு என்பது புலப்பட்டுவிடும். மலைப்பாதையில், ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமான இடத்தில் அவனைக் காப்பது திடலில் சலிப்போடு பழகிய அந்த மெதுவான எட்டுத்தான்.

பிரேக் பாடமும் இங்கேதான் தொடங்குகிறது. தளர்ந்த மண்ணில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று கூறுவோர் உண்டு, அது தவறு. வண்டியை நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு மண்ணிலும் முன் பிரேக்குக்கே உரியது. ஆனால் அதனை ஒரு விரலால், படிப்படியாக அழுத்தக் கற்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாது தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சாலையில் அது உயிர் காக்கும் கருவி. சரளை மண்ணிலோ அதுவே வண்டி நிற்கும் தொலைவை நீட்டிவிடக்கூடும். இவ்வகை வண்டிகள் பலவற்றில் பின் சக்கரத்திற்கு மட்டும் அதனை நிறுத்திவைக்கும் வசதி இருப்பது அதனால்தான். எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் இயக்குவது என்பதும் ஆசிரியரிடம் கற்க வேண்டியதே.

நிலம் ஒவ்வொன்றும் ஒரு நூல்

திடலில் தேறியவனையே நிலத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். தமிழகத்திலேயே எத்தனை வகை நிலங்கள்! திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிச் செம்மணல் ஒருவகை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மற்றொரு வகை.

மணலில் வண்டியின் முன்புறம் பாம்புபோல் நெளியும். அதனை அடக்க முயல்பவன் விழுவான். பாரத்தைச் சற்றே பின்னுக்கு மாற்றி, ஆக்ஸிலேட்டரைச் சீராக வைத்து, தொலைவில் பார்த்துச் சென்றால் வண்டி தானே நேராகும். வேகத்தைக் குறைக்க முன் பிரேக்கைத் தேடாமல், ஆக்ஸிலேட்டரை மெல்லக் குறைத்தாலே போதும், மணலே நிறுத்திவிடும். சக்கரம் புதைந்துவிட்டால் மேலும் முறுக்கக் கூடாது. முறுக்க முறுக்கக் குழிதான் ஆழமாகும். இறங்கி, வண்டியை ஒருக்களித்துச் சாய்த்து, குழியை மணலால் நிரப்பி, மீண்டும் நிமிர்த்த வேண்டும்.

கரிசல், மழைக்குப் பின் டயரில் ஒட்டி, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். அங்கே திறமை ஏதும் உதவாது. காயும்வரை பொறுத்திருப்பதே அறிவு.

ஏற்றத்தில் ஏறும் வேகத்தை அடிவாரத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் கியர் மாற்றித் தடுமாறலாகாது. பாதியில் வண்டி நின்றுவிட்டால் பதறிக் கிளட்சைப் பிடிப்பவன் பின்னோக்கி உருண்டு விழுவான். கியரிலேயே இயந்திரம் அணையட்டும். பின் சக்கரம் தானே பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு அமைதியாக வண்டியைத் திருப்பி இறங்கலாம். இறக்கத்தில் முதல் கியரோ இரண்டாம் கியரோ வைத்து, இயந்திரமே வேகத்தை அடக்கும்படி விட்டு, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, இரு பிரேக்குகளையும் மென்மையாகத் தொட வேண்டும்.

நீரோட்டத்தைக் கடப்பதற்கு முன் இறங்கி நடந்து பார்த்திருக்க வேண்டும். ஆழமும் அடியிலுள்ள கற்களும் கரையிலிருந்து தெரிவதில்லை. நீர் முழங்காலுக்கு மேல் இழுத்தால் திரும்பிவிட வேண்டும். நடுவே இயந்திரம் நின்று, காற்றுப் புகும் வழியில் நீர் ஏறியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தவே கூடாது. காற்றைப்போல் நீர் சுருங்காது. உள்ளே புகுந்த நீரை அமுக்க முயலும் இயந்திரத்தின் கம்பி வளைந்துவிடும். மழை வெள்ளம் சூழ்ந்த தெருவில் வண்டி நின்றுவிட்டாலும் இதே விதிதான் என்பதை இல்லத்தரசிகளும் நினைவிற் கொள்க.

டயரில் காற்றும் நிலத்திற்கேற்ப மாற வேண்டும். சாலையில் சதுர அங்குலத்திற்கு 28 முதல் 32 பவுண்டு வரை வைப்பதை மண்ணில் 20 பவுண்டு அளவிற்குக் குறைப்பர். டயர் பரந்து தரையைப் பற்றும். மேலும் குறைத்தால் கல்லில் மோதி ட்யூப் கடிபடும், ரிம் நெளியும். சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் காற்றடித்துக்கொள்ள மறக்கலாகாது.

லடாக் செல்வோர்க்கு நிலத்தோடு உயரமும் ஒரு சோதனை. லே நகரமே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேல். லேயில் இரு நாட்களேனும் ஓய்ந்திருந்து உடலைப் பழக்காமல் மேலே ஏறலாகாது. கடுந்தலைவலியும் குமட்டலும் தோன்றினால் அதற்குமேல் ஏறாது கீழே இறங்குவதே மருந்து. மலை ஓடைகளோ காலையில் மெலிந்தும், வெயிலேறப் பனி உருகிப் பிற்பகலில் பெருகியும் ஓடுவன. அனுபவமுடையோர் விடியலிலேயே புறப்படுவதன் காரணம் இதுவே. இத்தகைய செய்திகளை வண்டியுடன் தரும் கையேடு கூறுவதில்லை. முன்னே சென்றவர்தாம் கூறுவர்.

பாலைவனம் புகட்டும் பாடம்

இக்கலையின் உச்சிக்குச் சென்றோர் வரலாறு நமக்கு என்ன கூறுகிறது?

1977-இல் தியரி சபீன் என்னும் பிரெஞ்சுக்காரர், ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு நெடும்போட்டியில் மோட்டார் சைக்கிளுடன் லிபியப் பாலைவனத்தில் வழிதவறி, மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்டார். அவர் தொடங்கியதுதான் பாரிஸ் – தாக்கார் போட்டி. முதல் போட்டி 1978 டிசம்பர் 26-இல் புறப்பட்டபோது 182 வாகனங்கள் கிளம்பின. 74 மட்டுமே இலக்கை எட்டின. 2009 முதல் தென்னமெரிக்காவிலும், 2020 முதல் சவூதி அரேபியாவிலும் அப்போட்டி நடைபெற்று வருகிறது. நம் உறவினர் பலர் பிழைப்புக்காக வாழும் ரியாதும் ஜித்தாவும் அதன் பாதையில் இடம்பெற்ற ஊர்கள்.

அப்போட்டியை 2015-இல் முதன்முதலாக முழுமையாக ஓட்டி முடித்த இந்தியர் பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ்.சந்தோஷ், 36-ஆம் இடம் பெற்றார். நம் அண்டை மாநிலமான கேரளத்தின் ஷொரணூரைச் சேர்ந்த ஹாரித் நோவா, ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டி.வி.எஸ். நிறுவனத்தின் அணியில் பங்கேற்று, 2021-இல் 20-ஆம் இடத்தையும், 2024-இல் ‘ராலி 2’ என்னும் பிரிவில் முதலிடத்தையும் பெற்றார். பெண்களில் பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே, 2019-இல் ‘பாஹா’ போட்டிகளுக்கான உலகக் கோப்பையின் மகளிர் பிரிவை வென்றார்.

இவர்கள் நேரே பாலைவனத்திற்குச் சென்றவர்களா? அன்று. சந்தோஷும் ஹாரித்தும் எல்லை வகுத்த மண்களங்களில் நடைபெறும் போட்டிகளில் ஆண்டுக்கணக்கில் ஓட்டித் தேர்ந்த பின்னரே நெடும்பாதைக்கு வந்தனர். பின்னர் சந்தோஷ் தாமே கோலார் பகுதியில் ஒரு பயிற்சிக் களத்தை அமைத்துப் பிறருக்குக் கற்பிக்கத் தொடங்கினார்.

அத்தகைய சந்தோஷே 2021 ஜனவரியில், நான்காம் கட்டத்தில் விழுந்து தலையில் அடிபட்டு, ரியாத் மருத்துவமனையில் பல நாட்கள் மருந்தால் ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கப்பட்டார். பின்னர் நலம் பெற்றுத் தாயகம் திரும்பினார். அதற்கு முந்தைய ஆண்டு, 2020 ஜனவரி 12-இல், இந்தியாவின் ஹீரோ அணிக்காக ஓட்டிய போர்த்துகீசியர் பாவ்லோ கொன்சால்வெஸ் வீழ்ந்து உயிர் துறந்தார். வயது 40; அது அவருடைய பதின்மூன்றாம் தாக்கார். இவர்தாம் 2016-இல், தொடை எலும்பு முறிந்து கிடந்த மற்றொரு போட்டியாளரைக் கண்டு, தம் வெற்றி வாய்ப்பையும் பொருட்படுத்தாது வண்டியை நிறுத்தி உதவியவர். 2020-இல் அவர் வீழ்ந்தபோதும் பின்னால் வந்தோர் நிறுத்தி அருகிருந்தனர். இவ்வாறு நின்றோர் இழந்த நேரத்தைக் கணக்கில் திருப்பித் தருவது அப்போட்டியின் விதியாகும்.

அன்பர்களே! பயிற்சி பெற்றால் ஆபத்தே இராது என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். உலகின் தேர்ந்த வீரர்க்கும் அது இருக்கிறது. ஆனால் அவர்கள் வெற்றிக்காகத் தம் திறமையின் கடைசி எல்லையில் ஓட்டுகிறவர்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த எல்லையைத் தொட வேண்டிய தேவை என்ன இருக்கிறது? முறையாகக் கற்றவன் தன் அளவை அறிகிறான். “இந்த ஓடையை நான் கடக்க மாட்டேன், இந்த ஏற்றத்தை இன்று விட்டுவிடுகிறேன்” என்று நண்பர்கள் முன்னிலையில் வெட்கமின்றிக் கூறும் துணிவு அவனுக்கு வருகிறது. கல்லாதவனுக்கோ தன் அளவு தெரியாது. நண்பர்களின் கேலியே அவனுக்கு அளவுகோல். எத்தனையோ விபத்துகள் பாதையின் கடுமையால் மட்டும் நேர்வதில்லை, “நீ மட்டும் பயப்படுகிறாயா?” என்னும் ஒரு சொல்லாலும் நேர்கின்றன.

பெற்றோர் செய்ய வேண்டுவன

முற்றிலும் தடுத்துவிட்டால் என்ன? தடுக்கப்பட்டவன் நண்பனின் வண்டியில், கவசமின்றி, சொல்லாமல் சென்றுவிடுவதும் உண்டு. விருப்பத்தை முறைப்படுத்துவதே பெரும்பாலும் நலம் தரும்.

முதலாவதாக, சட்டப்படி உரிய வயது. கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு 18 வயது நிரம்பி உரிமம் பெற்றிருக்க வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது நிரம்பாதவன் பொதுச் சாலையில் வண்டி ஓட்டிக் குற்றமிழைத்தால் பாதுகாவலருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. “செல்லப்பிள்ளை, கேட்டான், கொடுத்துவிட்டேன்” என்னும் சொல் நீதிமன்றத்தில் எடுபடாது.

இரண்டாவதாக, பயிற்சியாளரை நேரில் சென்று பாருங்கள். மாணவரின் உரிமத்தையும் உடல்நலத்தையும் விசாரிக்கிறாரா? ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? முதலுதவிப் பெட்டியும், மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வாகனமும் களத்தில் உள்ளனவா? “என்னால் இயலாது” என்று மாணவன் கூறினால் ஏற்றுக்கொள்கிறாரா, ஏளனம் செய்கிறாரா? இக்கேள்விகளுக்கு முகம் கோணாமல் விடை தருபவரிடம் ஒப்படையுங்கள்.

மூன்றாவதாக, வண்டி வாங்கும் பணத்திலேயே கவசத்திற்கும் பயிற்சிக்கும் ஒரு பங்கை ஒதுக்கிவிடுங்கள். அது போதாதெனில் விலை குறைந்த, எடை குறைந்த வண்டியே போதும். கற்பதற்கு இலேசான வண்டியே ஏற்றது.

நான்காவதாக, தனியே செல்ல அனுமதிக்காதீர்கள். இருவரேனும் துணை வேண்டும். ஒருவர் காயமுற்றால் ஒருவர் அருகிருக்க, மற்றவர் உதவி தேடிச் செல்லலாம். எங்கே செல்கிறான், எப்போது திரும்புவான் என்பது வீட்டில் தெரிந்திருக்க வேண்டும். பந்தயத்தில் நேரும் சேதத்தைப் பொதுவான வாகனக் காப்பீடு ஏற்பதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாவதாக, பாதையில்லாத நிலம் உரிமையாளர் இல்லாத நிலமன்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காப்புக் காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றம். உழவரின் வரப்பு அவர் உழைப்பு. நம் கடற்கரை மணலில் ஆண்டின் தொடக்க மாதங்களில் ஆமைகள் முட்டையிடுகின்றன. அங்கே சக்கரம் ஓட்டுவது விளையாட்டாகாது. மேய்ச்சல் கால்நடைகளைக் கண்டால் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிச் செல்வதும் கற்க வேண்டிய ஒழுக்கமே.

இவ்வாறு கற்ற பிள்ளை மலைக்கே செல்லாது போனாலும் அவன் கற்றது வீணாகாது. மழையில் வழுக்கும் செம்மண் சாலை, தோண்டிப் போட்ட தெரு, திருப்பத்தில் சிந்திக் கிடக்கும் ஜல்லி, திடீரென்று குறுக்கிடும் ஆடு — அன்றாடம் நம் பிள்ளைகள் கடந்து வருவன இவைதாமே! மண்ணில் பழகிய கை, அங்கே பதறிப் பிரேக்கை இறுகப் பிடிப்பதில்லை.

எனவே, அடுத்த முறை மகன் வந்து கேட்கும்போது “வேண்டாம்” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “உட்கார் மகனே. யாரிடம் கற்கப் போகிறாய்? எத்தனை நாள்? நானும் ஒரு நாள் உடன் வந்து பார்க்கட்டுமா?” என்று கேளுங்கள். அவன் பொறுமையோடு விடை கூறுவானாயின், திடலில் எட்டுப் போடவும் அவனுக்குப் பொறுமை இருக்கும். அதற்குப் பொறுமை இல்லையெனில், லடாக் மலை எங்கும் ஓடிப்போய்விடாது. அவன் முதிரும்வரை அங்கேயே நிற்கும்.

சிந்திப்போமாக!